ஏழு என்றால் ஏழு

டயர் கடைக்குப் பின்னறையில் பதினாறு தொட்டி,
டிஸ்கஸ் மீன்கள்.
அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பி.எச். கோல்.
நுனியில் கண்ணாடிக் குமிழ், மொச்சைக்கொட்டை அளவு.
நானூற்று எண்பது வெள்ளி.
ஈப்போவிலிருந்து தாப்பா வரை
மடியிலேயே வைத்திருந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் இன்சுலினா என்று கேட்டார்.

காய விடக்கூடாது.
காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடவும் கூடாது,
அத்தனை சுத்தம் அதற்கு ஆகாது.
மூடிக்குள் எப்போதும் கொஞ்சம் உப்புக் கரைசல்.
விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்தால் கழுவு.
துடைக்காதே, ஒற்று,
பொட்டு கலையாமல் நெற்றி வியர்வையை ஒற்றுவதுபோல்.

இதெல்லாம் இப்போது தெரியும்.

போன ஆகஸ்டில்
பதினோராங்கட்டை ஆலைக்குக் கீழே
ஓடை முழுக்கக் கெண்டையும் கெளுத்தியும்
வயிறு காட்டி மிதந்தன.
கோலோடு ஓடினேன். முழங்கால் வரை சேறு.
நாலு புள்ளி ஏழு ஒன்று.
பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
நேராக அலுவலகம்.

என்சிக் ஸுல்ஹில்மி தேநீர் கொடுத்தார்.
உள்ளங்கையைப் பார்த்தார்.
ஒரே ஒரு கேள்வி:
கடைசியாக எப்போது இதைச் சரிபார்த்தீர்கள்?

சீனப் பெருநாளுக்கு முன்பா, பின்பா…
கோப்பை மூடினார். மரியாதையாகத்தான்.

ஒரு வாரம் அவரைத் திட்டினேன்.
எட்டாம் நாள் ஏழாம் எண் குப்பியைத் திறந்து
கோலை முக்கினேன்.
ஆறு புள்ளி ஒன்று என்றது, கூசாமல்.

அப்படியானால் ஓடை?
ஐந்தரையா, அதற்கும் மேலா?
செத்த மீனுக்குத் தெரிந்திருக்கும்.
எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

இப்போது ஞாயிறுதோறும்,
ரொட்டிக்காரர் மோட்டார் போன பிறகு,
மூன்று குப்பி: நாலு சிவப்பு, ஏழு மஞ்சள், பத்து நீலம்.
முதலில் ஏழு.
எண் ஆடி ஆடி நிற்கும்வரை
விசிறியை அணைத்துவிடுவேன், காரணமில்லாமல்.
பிறகு நோட்டில் தேதி, நேரம்,
நீரின் சூடு இருபத்தெட்டு,
சரிவு தொண்ணூற்று நாலு விழுக்காடு,
செ. மரகதவல்லி.

'மீனுக்கு ஜாதகம் எழுதுகிறாயா'
என்கிறார் டயர் கடை குணாளன்.
மீனுக்கு இல்லை என்றேன்.

நேற்றிரவு கனமழை.
விடியுமுன் ஓடைப்பக்கமிருந்து
புளித்த வாடை, செம்பனைக் கழிவோ
வெறும் சேறோ.
செருப்பைத் தேடவில்லை.
மஞ்சள் குப்பியைத் திறந்தேன்.
விசிறியை அணைத்தேன்.

ஆறு தொண்ணூற்றெட்டு.
ஆறு தொண்ணூற்றொன்பது.
இரு.