அகலக் கோணம்

ஓசூர் பாகலூர் ரோட்டில்
செகண்ட் ஹாண்டாக வாங்கியது, நாலாயிரத்து ஐந்நூறு.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
முன்பு வைத்திருந்தவன் பைக்கில் லடாக் போனவன் போல:
கார்டில் மூன்று பனிமலை மிச்சம் இருந்தது.
அழிக்க மனசு வரவில்லை.
தேதி கேட்டது.
அப்புறம் வைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடித்து
அஞ்செட்டியில் இறங்கும்போது மணி ஒன்பதரை.
நெற்றியில் லைட்டு, லைட்டுக்கு மேல் கேமரா,
இரண்டையும் சேர்த்து சைக்கிள் டியூபால் ஒரு கட்டு.
"பாசிங்கம் கட்டின மாப்பிள்ளை மாதிரி இருக்கடா"
என்றான் கெம்பராஜ்.
அப்புறம் சிரிக்காமல் சொன்னான்:
"எவனுக்கும் அனுப்பாதே.
நாட்றாம்பாளையத்தான் ஒருத்தன் ஸ்டேட்டஸ் வைத்தான்.
முதலில் பார்த்ததே பாரஸ்டர்.
மூஞ்சி தெரியவில்லை,
கையில் குத்தியிருந்த பெண்டாட்டி பேரை வைத்து
வீட்டுக்கே வந்துவிட்டார்கள்."
நான் முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

கொள்ளுக்காட்டு ஓரம் வலை.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்,
நடுவில் யார் பேச்சும் கேட்காத நாய்.
பனியில் கொள்ளு முழங்கால்வரை நனைத்தது.
வெளிச்சத்தில் இரண்டு கங்கு எரிந்து நின்றது.
ஓடினேன். நாய் ஓடியது.
வலை ஒரு பக்கம் மட்டும் குதித்தது.
ஒரே கையால் முடித்தேன்,
கண்ணைக்கூட சிமிட்டாமல்,
என்றுதான்
அன்று ராத்திரி குழம்பு கொதிக்கக் கொதிக்கச் சொன்னேன்.
மறுநாள் பஸ்ஸில் எனக்கு நானே இன்னொரு தடவை.

திங்கள் இரவு, ஓசூர் ரூமில்
நாலு பேர் ஒரு போனுக்குள் குனிந்தோம்.
அகலக் கோணம் என்கிறார்களே,
அது தூரத்தை இன்னும் தூரமாக்கி வைத்திருந்தது.
முயல் ஓர் எள்.
கிட்டத்தில் என் கை மட்டும்
சீப்புச் சீப்பாய் வாழைக்குலை.
நாய் வந்து போனது ஒரு புள்ளி.
மூச்சுத்தான் படம் முழுக்க,
பஞ்சர் கடைக் கம்ப்ரசர்போல.
"எங்கடா, எங்கடா" என்றான் திருவண்ணாமலைக்காரன்.
"இரு, இப்ப வரும்."

வந்தது.
வலை வந்தது, வலையில் ஏதோ உதைத்தது,
என் வாழைக்குலை இறங்கியது,
உடனே படம் மேலே திரும்பிவிட்டது.
கருவேல மரம்.
அதற்கும் மேலே குன்றில்
செல்போன் டவரின் சிவப்பு விளக்கு,
அணைந்து, எரிந்து, அணைந்து.
ரப்பர் தேய்ந்த சைக்கிள் பிரேக்காய்
ஒரு கீச்சு, கீழே எங்கிருந்தோ.
டவர் எரிந்தது.
இன்னொரு கீச்சு, சின்னது.
டவர் அணைந்தது.
பதினோரு விநாடி, எண்ணிப் பார்த்தேன்.
பிறகுதான் படம் மெல்லக் கீழே இறங்கியது,
எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்தவன்
இறங்குவதுபோல.

"முக்கியமான இடத்தில் கோணம் போச்சே" என்றார்கள்.
"கட்டு லூசாயிருக்கும்" என்றேன்.
கட்டு லூசில்லை.
அவிழ்க்க முடியாமல்
கத்தியால் அறுத்தான் கெம்பராஜ்,
நெற்றியில் கோடு இன்னும் இருக்கிறது.
நெற்றிமேல் இருப்பது
நெற்றி திரும்பிய பக்கம்தானே திரும்பும்?

எல்லோரும் தூங்கிய பிறகு
இன்னொரு முறை, சத்தத்தை அணைத்து.
சத்தமில்லாவிட்டால் அது
ஒருவன் ராத்திரியில் நின்று
டவரைப் பார்க்கும் படம், அவ்வளவுதான்.
ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் தேதி:
இரண்டாயிரத்துப் பதினாறு, ஜனவரி ஒன்று.
அன்றைக்கு நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.
பாரஸ்டர் கேட்டால் அதையே சொல்லலாம்.

அடுத்த சனிக்கும் கெம்பராஜ் கூப்பிட்டிருக்கிறான்,
இந்தத் தடவை பன்றியாம்.
கேமராவை நெஞ்சில் கட்டிக்கொள்ளலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
நெஞ்சு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.
சார்ஜில் போட்டிருக்கிறேன்.
பனிமலை மூன்று, டவர் ஒன்று.
இன்னும் எதையும் அழிக்கவில்லை.