நானூற்றுப் பன்னிரண்டு

கண்புரை எடுத்த மூன்றாம் வாரம்வரை
துக்ம் துறைமுகத்தில் கிரேன் கொக்கிகளை
எண்ணிக்கொண்டிருந்தேன்.
தூரத்தில் ரபீக்குல் பிடித்த ஸ்டாஃபில்
சிவப்புக் கோடும் வெள்ளையும்
தனித்தனியே நின்றன.
"உன் மீசையில் நரைடா" என்று கத்தினேன்,
அறுபது மீட்டரிலிருந்து.

நான்காம் வாரம், திங்கட்கிழமை,
லெவல் கருவிக்குள் குறுக்குக் கம்பி
நடுவில் மட்டும் வளைந்தது.
கருவியை மாற்றினேன்.
மாற்றியதிலும் வளைந்தது.
இடது கண்ணை வைத்தேன்: நேர்.
அப்போதே தெரிந்துவிட்டது
பழுது யாருடையது என்று.

மஸ்கட்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
சினாவில் பஸ் நின்றபோது
வலது கண்ணால் பார்த்தேன்.
டீக்கடைக்காரருக்கு முகமே இல்லை,
இரண்டு காதும் ஒரு தொப்பியும்தான்.

டாக்டர் இந்திசார், சூடான்காரர்.
மூன்று வருடம் முன்பு இதே கண்ணில்
விழித்திரை கழன்றதையும்
காற்றுக் குமிழை உள்ளே வைத்துக்கொண்டு
பத்து நாள் குப்புறக் கிடந்ததையும்
கோப்பைப் பார்த்து எனக்கே வாசித்துக் காட்டினார்.
"ஏற்கெனவே கை வைத்த கண்," என்றார்.
"மறுபடி கை வைத்தால்
சில சமயம் கோபித்துக்கொள்ளும்."

திரையில் ஒரு மேடு.
கருப்பு வெள்ளை. உள்ளே அறை அறையாக நீர்.
அங்கே பள்ளம்தான் இருக்க வேண்டுமாம்.
எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை,
சப்கா நிலத்தில் இருபது வருடம் மட்டம் பார்த்தவன்.
மேலே உப்பு வெடித்துக் காய்ந்து கிடக்கும்,
அடியில் ஊறும்.
போன மாதம் நட்ட குறிக்கல்
விரல் கனம் உயர்ந்திருக்கும்.
அதை நம்பித்தான் சாலை போட்டிருப்போம்.

எத்தனை என்று கேட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு மைக்ரான்.
இருக்க வேண்டியது?
இருநூற்றைம்பது, சுமாராக.

கூடுதல், ஒரு மில்லிமீட்டரில்
ஆறில் ஒரு பங்குகூட இல்லை.
எங்கள் தொழிலில் இதற்கு எண்ணே கிடையாது.
இவ்வளவு பிழைதான் என்றால்
எந்தப் பாலத்துக்கும்
கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன்.

இளஞ்சிவப்பு மூடி நாலு வேளை,
சாம்பல் மூடி மூன்று வேளை.
"வற்றிவிடும்," என்றார். "பெரும்பாலும்."
ஆறு வாரம். வற்றாவிட்டால் ஊசி.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

கேம்ப் ஃபிரிட்ஜில்
ரபீக்குலின் ஹில்சா மீனுக்கும்
யாருடையதோ ஒரு வினிகர் பாட்டிலுக்கும் நடுவில்
என் சொட்டு மருந்து,
தொடாதே என்று நாலு மொழியில் எழுதி.

தினமும் காலையில் வலது கண்ணால்
குளியலறை டைல்ஸைப் பார்க்கிறேன்.
குழாய்க்கு மேலே மூன்றாவது வரிசை
வயிறு தள்ளி நிற்கிறது.
நேற்றைவிடக் குறைவா?
குறைவு மாதிரி.
சுவரில் பென்சிலால் தேதி போடுகிறேன்.

இன்ஜினியர் கேட்டால் தலைவலி.
ரபீக்குலுக்கு மட்டும் தெரியும்.
இப்போது அவன்தான் கருவிக்குள் பார்க்கிறான்,
வெயிலில் நான் ஸ்டாஃப் பிடிக்கிறேன்.
"ஒண்ணு, நாலு, ஏழு, ரெண்டு," என்று கத்துகிறான்,
எண்களை மட்டும் தமிழில்.
நான் நேராகத்தான் நிற்கிறேன்.
"சாயுது பாய், சாயுது," என்கிறான்.
கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துகிறேன்.