எட்டு மணி மருந்து

வெள்ளி விடியப்புறம் கூண்டுக்குள் தடதடவென்று சத்தம்.
எலியாக்கும் என்று போனேன்.
புட்டு உருண்டுகொண்டிருந்தது,
நிறுத்தத் தெரியாமல்,
ஒரே பக்கமாக,
வைக்கோலும் தண்ணிக் கோப்பையும் கூடவே.

தூக்கிப் பிடித்தேன். தலை
வலது தோளில் சரிந்து கிடந்தது,
யாரோ தரைக்குக் கீழிருந்து
இரகசியம் சொல்வதுபோல.
கண்மணிகள்
கரையோர ரயிலில் யன்னலால் பார்ப்பவரின் கண்களாக
ஓடி ஓடித் திரும்பின.

வெள்ளவத்தையில் மழை.
துவாயில் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்து
திரீவீலர்க்காரர் சிங்களத்தில் கேட்டார்,
குழந்தையா என்று.
ஓம் என்றுவிட்டேன்.
நுகேகொடை மட்டும்
ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் மெதுவாக இறக்கி ஏற்றினார்.

டொக்டர் இந்துனில் துண்டுக் கடதாசியில் ஒரு முயல் கீறினார்.
மூளையில் ஒரு புள்ளி.
சிறுநீரகத்தில் ஒரு புள்ளி.
ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது.
தாயிடமிருந்தே வந்திருக்கலாம்,
வருஷக்கணக்காய்ப் பேசாமல் இருந்திருக்கலாம்.
பிறகு ஒருநாள்...
பேனையை மேசையில் சுழலவிட்டார்.

இரத்தப் பரிசோதனை என்ன சொல்லும்?
எப்போதோ சந்தித்திருக்கிறது என்று சொல்லும்.
இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று சொல்லாது.
மூத்திரத்தால் பரவும்,
கொதிதண்ணி ஊற்றிக் கழுவுங்கள்.
வாசல்வரை வந்து, குடையை விரித்துத் தந்து, கேட்டார்:
வீட்டில் நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் யாரும்?

மூன்று வருஷமாக
குகபாலனின் அடிவயிற்றில் அவர் தங்கச்சியின் சிறுநீரகம்.
உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடிக்காமலிருக்க
காலை எட்டுக்கு மாத்திரை, இரவு எட்டுக்கு மாத்திரை.
காவல்காரரைத் தூங்கவைத்துத்தான்
எங்கள் வீட்டில் ஓர் உயிர் நடக்கிறது.

ஓம் என்றேன் டொக்டரிடம்.
அன்றைக்கு அது இரண்டாவது ஓம்.
முதலாவது பொய்.

கூண்டு பின் பல்கனிக்குப் போனது.
இரண்டு பக்கமும் சுருட்டிய துவாய்கள், உருளாமலிருக்க.
கையுறை. கேத்தல். திரும்பக் கேத்தல்.
மருந்துப் போத்தலில் மாட்டின் படம்;
ஊசியில்லாத சிரிஞ்சால்
கடைவாய்க்குள் வெள்ளைத் துளி, அதே எட்டு மணிக்கு.
போயாவன்று தொடங்கினால்
அடுத்த போயாவுக்கு முதல்நாள்
இருபத்தெட்டு முடியும் என்று
வங்கிக் கலண்டரில் எண்ணி வைத்தேன்.

கிளினிக்கில் கேட்டோம். கிட்டப் போகாதேங்கோ என்றார்கள்.
மச்சாள் ஸ்காபரோவிலிருந்து எடுத்தாள்:
"முயலை ஆருக்கும் குடுங்கோ அண்ணி.
உள்ளுக்க இருக்கிறது என்ர கிட்னி."
அவர் போனை வாங்கி,
"இப்ப அது என்ரயடி" என்று சொல்லி
திரும்ப என்னிடம் தந்தார்.
அவள் அந்தப் பக்கம் சிரித்தாளா, அழுதாளா,
லைன் தெளிவில்லை.

பதினோராம் நாள் உருளவில்லை.
பத்தொன்பதாம் நாள் வல்லாரைக் கட்டை
இழுத்துத் தானே தின்றது.
மூளைக்கு நல்லதாம்.
இருபத்தெட்டாம் நாளும்
தலை நிமிரவில்லை. இனி நிமிராமலும் இருக்கலாம்,
அதோடு வாழப் பழகும் என்றார் இந்துனில்.
கிரியேட்டினின் பரவாயில்லை.
யாருடையது என்று கேட்டார் குகபாலன்,
இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் இருந்தன.

இப்போது காலையில்
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்
பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவர் இருப்பார்.
அந்தப் பக்கம் புட்டு, உலகத்தைச் சரித்துப் பிடித்தபடி.
அதற்கும் பின்னால், இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே
ஒரு சாண் கடல்.

ஒருநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு
தானும் தலையைச் சரித்துப் பார்த்தார்.
"இப்பிடிப் பாத்தா
கடல் ஊத்துப்பட்டிடுமே" என்றார்.

நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.