நாலு துளி

லிங்சி மாவட்டக் கச்சேரியில்
கடைசி மேசை என்னுடையது.
அரசு எனக்குச் சம்பளம் தருவதில்லை.
மனு எழுத வருகிறவர்கள்
முடிச்சவிழ்த்து எண்ணித் தரும் செப்புக்காசில்தான்
என் சோறு, விளக்குக்கு எண்ணெய்,
மகளின் இருமலுக்கு மருந்து.
பொய் எழுதக் கை கூசியதில்லை.
ஒரே மழைக்கு இரண்டு தேதி கேட்டு
இரண்டு பேர் வந்த அன்றுதான்
மை காய்கிறவரை யோசித்தேன்.

முதலில் வந்தவர் ருவான் போஹெங்.
மலையடிக் கோயில் வாசலில் அவருக்கு
ஊதுவத்திக் கடை ஒன்று, விடுதி இரண்டு.
கருங்கல் மடுவின் டிராகன் தெய்வம்
முப்பது வருடமாக
இரண்டெழுத்துப் பிரபுவாகவே கிடக்கிறதாம்.
பக்கத்து மாவட்டத்துத் தெய்வத்துக்கு நாலெழுத்து;
கூட்டமெல்லாம் அங்கே.
"ஏழாம் மாதம் முதல் நாள்
அதிகாரி மடுக்கரையில் மண்டியிட்டார்,
மூன்றாம் நாள் மழை. அப்படி எழுது.
பட்டயம் வந்தால் அதிகாரிக்கும் பெருமை."
மேசையில் வைத்தது ஐந்து பணத்தாள்.
இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதி.
பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தியாவ் எட்டாமவன்.
பெயர் வைக்க யாருக்கும் நேரமின்றிப்
பிறந்த வரிசையே பெயராகிப்போனவன்.
"ஏழாம் மாதம் முழுக்க ஒரு சொட்டு இல்லை, ஐயா.
தெய்வத்தைத் தூக்கிவந்து
எங்கள் வரப்பில் வெயிலில் உட்காரவைத்தோம்,
நீயும் காய் என்று.
மூக்கில் வர்ணம் உரிந்தது, அவ்வளவுதான்.
பெய்தது எட்டாம் மாதம் பதினொன்று.
அதற்குள் பயிரை எருமைக்குப் போட்டாயிற்று."

ஏழாம் மாதம் வறண்டிருந்தால்தான் வரி தள்ளுபடி.
அது சட்டம்.
அவன் வைத்தது பதினேழு காசு,
ஒரு கட்டு வெங்காயத்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதினால்
நாளை இந்த மேசையில் வேறொருவன்.
எழுதாவிட்டால் எட்டாமவன்
இல்லாத மழைக்கு வரி கட்டுவான்.
இரண்டு மனுவும் ஒரே பெட்டியில் போகும்,
ஒரே கண் படிக்கும்.
பக்கத்து அறையில் மகள் இருமி அடங்கிய பிறகு
எழுதினேன்:

மூன்றாம் நாள் மழை பெய்தது மெய்.
கோயில் கூரைமீதும் மடுவின்மீதும் மட்டும்,
ஓர் அம்பு பாயும் தூரத்துக்கு.
வயல்களில் துளியும் விழவில்லை.

எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.
தன் தலையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் தெய்வத்தை
எவன் நம்புவான்?

சரிபார்க்க வந்தார் அயல் மாவட்டத்துத்
துணையதிகாரி யூவென் ஜிங்.
கூரைப் பாசியைத் தடவிப் பார்த்தார்.
வயலில் இறங்கவில்லை, செருப்பு புதிது.
மூன்று கோப்பைத் தேநீர் குடித்தார்.
என் வாசகத்தை இரண்டு முறை படித்து
"இயல்பாகத்தான் இருக்கிறது" என்று
முத்திரை குத்தினார்.
சிரிக்கவே இல்லை.

பட்டயம் வரப் பதினாலு மாதம்.
தள்ளுபடியும் வந்தது:
கேட்டது பத்தில் ஏழு, கிடைத்தது பத்தில் இரண்டு.
வரி எப்போதோ வசூலாகியிருந்தது.
அந்த எருமையும்
சந்தையோடு போயிருந்தது.

புதுப்பலகை ஏற்றிய அன்று
கோயில் வாசலில் ஊதுவத்தி ஒன்றரை விலை.
புகைக்குள்ளிருந்து எட்டாமவன்
என் பக்கத்தில் வந்து நின்றான்.
"நாலெழுத்தில் மழை எது, ஐயா?"

மழை என்று தனியாக இல்லை.
மூன்றாம் எழுத்தின் உச்சியைக் காட்டினேன்:
கூரைபோல் ஒரு கோடு,
அதன் அடியில் நாலு சின்னப் புள்ளி.
விரல் நீட்டி எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
"கூரைக்கு உள்ளேயா பெய்கிறது?" என்றான்.

பொன்மை இன்னும் காயவில்லை,
கையை எடு, என்றேன்.