முப்பத்தொன்று

நரின் ஊர். ஓட்டுநர் பள்ளியின் பின்னறை.
அடுப்பில் நிலக்கரி, சன்னலில் பனி.
உரிமம் புதுப்பிக்க வந்த பதினோரு பேரில்
பாதிப் பேருக்கு என் அப்பா வயது.
எனக்கு இருபத்தாறு.
தொண்டை வேறு கட்டியிருக்கிறது.

தரையில் படுத்திருக்கிறாள் ரப்பர் பெண்,
இடுப்போடு முடிந்துபோனவள்.
முத்தம் கொடுத்தால் எழுந்துவிடுவாளா என்கிறார் மிர்லான்.
எல்லா வகுப்பிலும் யாரோ ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்.
சிரித்து முடிக்கட்டும் என்று
கையுறையைக் கழற்றி மெதுவாக மடித்து வைத்தேன்.

தோளைத் தட்டுங்கள். உரக்கக் கூப்பிடுங்கள்.
மூக்கருகே கன்னத்தை வைத்து மூச்சைத் தேடுங்கள்,
பத்து நொடிக்கு மேல் தேடாதீர்கள்.
ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள்: நீ போன் செய்.
அப்புறம் நெஞ்சின் நடு.
இடப்பக்கம் இல்லை, கெங்கேஷ்,
இடப்பக்கமெல்லாம் காதலிக்கிறவர்களுக்கு.
உள்ளங்கையின் அடிமேடு, அதன்மேல் இன்னொரு கை,
முழங்கை மடங்கக் கூடாது.
ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும்,
இறங்கிய அளவு திரும்ப ஏற வேண்டும்.
அழுத்துவது பாதி வேலை. விடுவது மீதி.

எலும்பு உடைந்தால்?
உடையலாம். விலா எலும்பு பிறகு கூடிக்கொள்ளும்.
நான் முதன்முதலில் கேட்ட அந்தச் சத்தம்
சுள்ளி ஒடிப்பதுபோல் இருந்தது.
அதைச் சொல்லவில்லை.

பிர், எகி, உச்.
தங்கள் மொழியில் எண்ணுகிறார்கள்,
மூட்டை இறக்குகிறவர்களின் குரலில்.

துய்ஷோன் கடைசி ஆள்.
மூட்டுவலி என்றார், தேநீர் ஆறுகிறது என்றார்,
பிறகு வந்து மண்டியிட்டார்.
ரோமத் தொப்பியைக் கழற்றி
அவள் தலைக்கடியில் வைத்தார்.
வேண்டாம், தலை தரையில் கிடக்கட்டும் என்று
எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.
அழுத்தினார். சரியான ஆழம், சரியான வேகம்.
இருபத்தொன்பது. முப்பது.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
நிறுத்தி இரண்டு மூச்சு ஊத வேண்டும் என்றேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
அறையில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார்.

தலை நிமிராமலே கேட்டார்:
தோலோன் கணவாயில் ஒருத்தர் சாய்ந்துவிட்டால்
ஆம்புலன்ஸ் எப்போது வரும்?

நான் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவள்.
பாதை திறந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் என்றேன்.
பனி கொட்டினால் சொல்ல முடியாது என்றும் சொன்னேன்.

அதுவரை?

அவர் தோள் நடுங்கத் தொடங்கியிருந்தது.
இரண்டு நிமிடம், அவ்வளவுதான் ஓர் உடம்புக்கு.
அதற்குமேல் கை இறங்கும், ஆழம் இறங்காது.
பிழைப்பார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.
ஒரு கணக்கு மட்டும் இருந்தது:
உங்கள் வண்டியில் எத்தனை இருக்கை?
பதினைந்து.
அப்படியானால் முப்பது கை.
இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆள்,
வரிசை தீர்ந்தால் மறுபடி முதல் ஆள்.
சில்லறைக்குச் சண்டை போட்டவரையும் இறக்குங்கள்.

அன்றைக்கு நான் ஒருத்தன்தான் அழுத்தினேன், என்றார்.
மற்றவர்கள் சுற்றி நின்று அழுதார்கள்.

யார் என்று யாரும் கேட்கவில்லை.
மிர்லான் போய் எதிரே மண்டியிட்டார்.
நீங்கள் எடுங்கள், நான் வைக்கிறேன்.
கை மாறுவதில் ஒரு நொடி தவறியது. திட்டினேன்.
மறுபடி. மறுபடி.
பதினோரு பேரும் சுற்றி வந்தார்கள் மூன்று முறை;
நிலக்கரி போட மறந்து அடுப்பு அணைந்தது,
ஒருவருக்கும் குளிரவில்லை.

மாலை துய்ஷோன் வண்டியில்தான் திரும்பினேன்.
பையின் ஜிப் போய்விட்டதால்
ரப்பர் பெண்ணை இருக்கையில் உட்கார வைத்தேன்.
இவளுக்குமா கட்டணம்?
இடத்தை அடைக்கிறாளே, என்று சொல்லி
அவளுக்குப் பெல்ட் மாட்டிவிட்டார்.

பால் கேனோடு ஒருத்தி ஏறினாள்.
பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர்,
போனில் கத்திக்கொண்டே ஒரு காவலர்,
கடைசி இருக்கையில் தூங்கும் கொத்தனார்.
முகங்களைப் பார்க்கவில்லை நான்,
மணிக்கட்டுகளைப் பார்த்தேன்.
அவளை விட்டுவிட்டால் பதினான்கு பேர்.
இருபத்தெட்டு கை.
கொத்தனாருக்கு ஒன்றில் மாவுக்கட்டு.
இருபத்தேழு.