மூன்றாம் குளம்

பீடோருக்கு வெளியே, செம்பனைக்குப் பின்னால்,
ஈயம் தோண்டிய பள்ளங்களில்தான் எங்கள் திலாப்பியா.
மீன்தூள் மூட்டை விலை ஏறிய மாதம்
தவுக்கே ஆ கெங் மரவள்ளி மாவு இறக்கினார்.
முதல் குளத்துக்கு நூற்றுக்குப் பத்து,
இரண்டாவதுக்கு இருபத்தைந்து,
மூன்றாவதுக்கு நாற்பது என்று
கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிப் போனாள்
பல்கலைக்கழகத்து ஹேமலோசினி.
கலப்பது நான். அள்ளி வீசுவது ரஃபிகுல்.

மாவுக்கு எந்த மீனும் முகம் திருப்பவில்லை.
என் மோட்டார் சத்தம் கேட்டாலே
மூன்றாம் குளம் உலைபோலக் கொதிக்கும்.

எட்டாவது வாரம்
கத்தி, தராசு, வெண்புகை கக்கும் ஒரு குடுவை.
வயிற்றைக் கீறி ஈரலை எடுத்தாள்.
முதல் குளத்தது வெற்றிலை போட்ட நாக்கு.
மூன்றாவது,
பால் கூடிப்போன தேநீர்.
தொட்டுப் பார்த்த விரலுக்கு
வீட்டில் இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

அரிசிமணி அளவு ஈரல் போதுமாம் அவளுக்கு.
அடுத்த முறை வந்தபோது கணினியில் கோடுகள் காட்டினாள்.
"சீக்கிரம் எழும்புற கோடுதான் அண்ணே
அதிகம் பேசுற மரபணு."
கொழுப்பைக் கட்டச் சொல்கிற ஒன்று
இருபத்தோராம் சுற்றிலேயே எழுந்துவிட்டது.
எரிக்கச் சொல்கிற இன்னொன்று
முப்பது தாண்டியும் தரையோடு கிடந்தது,
மழைநாளில் பால்வெட்டுக்கு எழாத ஆள் மாதிரி.
"மாவுச்சத்தைச் செலவழிக்க மீனுக்கு அவ்வளவாத் தெரியாது.
மிஞ்சினதை ஈரல்ல அடுக்கிடும்."

என்னைப் பற்றியும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.
சட்டைப்பையில் கிளினிக் அட்டை, மூன்று மாத சர்க்கரைக் கணக்கு.
அவள் அடுத்த குழாய்க்கு எண் ஒட்டினாள்.

தவுக்கே கேட்டது ஒன்றுதான்: எடை?
மூன்றாம் குளம் கூடுதல், தலைக்குப் பதினெட்டு கிராம்.
பாசார் மாலாமில் குடலோடு ஈரலையும்
வாளியில் தள்ளிவிட்டுத்தானே நிறுக்கிறோம்.
வாளிக்குள் எட்டிப் பார்ப்பது பூனைகள் மட்டும்;
அவையும் வெளுத்ததைத்தான் முதலில் இழுக்கின்றன.

சுவரில் பத்தையும் இருபத்தைந்தையும்
தவுக்கேயே உள்ளங்கையால் அழித்தார்.
இப்போது மூன்று குளத்துக்கும் நாற்பது.
மைலோ டின்னில் குவித்து அள்ளுகிற மாவை
யாரும் பார்க்காதபோது
தலைதட்டிப் போடுகிறேன்.
எவ்வளவு குறையும்? இரண்டு பங்கு, மூன்று பங்கு.
அது எந்தக் கோட்டை எத்தனை சுற்றுத் தள்ளும் என்று
கேட்க நினைத்தேன்.
அவள் வண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பிவிட்டது.