பாதி மரம்

குடும்பிமலைப் பக்கமிருந்து
கச்சான் இறங்கிப் பதினெட்டு நாள்.
கரடியனாற்றுக் கிணறுகளில்
வாளி கல்லைத் தொட்டுவிட்டு
அரைவாசியோடு ஏறுகிறது.

மூன்று வருசம்
மாமரத்தின் தூரிலேதான் ஊற்றினேன்,
தாகமென்று வந்தவரின்
காலைக் கழுவி அனுப்பியது போல.

மேற்குக் கொப்புகள் நுனி கருகின.
கிழக்குப் பாதி மட்டும்
கறுத்த பச்சையில் நின்றது.
வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன்.
கலையரசி சாம்பல் போட்டுச்
சட்டி கழுவும் கல்.
மரத்திலிருந்து பதினாறு அடி.

இப்போது
மத்தியான நிழல் முடிகிற இடத்தில்
எட்டுக் குழி.
அரிசி கழுவிய தண்ணீர்,
பிள்ளை குளித்த தண்ணீர்,
கிழமைக்கு இரண்டு தரம்,
பொழுது பட்ட பிறகு.
சருகைக் கொளுத்துவதில்லை,
குழிகளின் மேல் பரப்பிவிடுகிறேன்.
பாம்பு வரும் என்கிறாள் கலையரசி.
வரலாம்.
கதவு மூலையில் கம்பு ஒன்று
சாத்தியிருக்கிறது.

தகரத்தில் உரசும் பெரிய கொப்பை
அடியோடு தறிப்போம் என்றார் இவர்.
இந்த வெயிலுக்குள் வெட்டினால்
மரம் தாங்காது,
மழை விழட்டும் என்றேன்.
கயிறு போட்டு இழுத்துக் கட்டினோம்.
ஆனாலும் இரவெல்லாம் சுரண்டுகிறது,
தூக்கம் போய்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
படுத்திருக்கிறோம்.

நேற்று விடிய
மேற்குக் கொப்பொன்றில்
செம்பு நிறத்தில்,
விரல் நீளம்கூட இல்லை,
ஒரு துளிர்.

கலையரசியிடம் சொல்லவில்லை.
சொன்னால்
காய்க்கிறதில் பாதி கேட்பாள்.
கேட்டால் என்ன சொல்வது?
பாதி மரம்
அவள் சட்டி கழுவி வளர்த்தது.